டெரெக்கின் ரயிலும் மங்கையின் கேழ்வரகும்

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் என்னிடம் மூன்று கேள்விகள்தான் கேட்பார்கள். அங்கே இப்போது மணி என்ன, குளிர் எப்படி, எப்போது வருகிறாய். பதினோரு வருடமாக இந்த மூன்றுக்கும் பதில் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. வேலை முடிந்து வந்து சாயங்காலம் என்னதான் செய்கிறாய் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்காததும் நல்லதுதான். வியாழக்கிழமைதோறும் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பொம்மை ரயிலுக்குப் பாலம் கட்டுகிறேன் என்று காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் என் சொந்தக்காரர்களிடம் எந்த வாயால் சொல்வது?

இங்கிலாந்தின் வடக்கே, மழையைத் தவிர வேறு விசேஷம் இல்லாத ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எனக்குக் கடைகளின் பெரிய பிரிட்ஜ்களைப் பழுது பார்க்கும் வேலை. என் மனைவி மங்கை சிதம்பரம் தெற்கு வீதிக்காரி. இங்கே ஒரு ரொட்டிக் கம்பெனியில் விடியற்காலை ஷிப்டில் பாக்கிங் செய்கிறாள். மகள் இனியாவுக்குப் பதினான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அதனால் அவளைக் கொஞ்சம் கோபமாகவே வைத்திருப்பது என்று நானும் மங்கையும் முடிவு செய்திருக்கிறோம்.

இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அன்று மங்கை கேசரி கிளறினாள். வழக்கமான கைக்கணக்கில் கிளறியதால் பாதிப் பாத்திரம் மிஞ்சியது. கிண்ணத்தில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜன்னல் திரை லேசாக விலகியது, மறுபடி மூடிக்கொண்டது. எதிர்வீட்டில் ஆள் இல்லை. மூன்றாவது வீட்டு நாய் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கேசரியோடு திரும்பி வந்து உட்கார்ந்தபோது எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. ஒருநாள் நான் வெளியே தலைகாட்டவில்லை என்றால் 'அவன் எங்கே, காணோமே' என்று கேட்க இந்த ஊரில் ஓர் ஆள் வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒரே ஓர் ஆள் போதும்.

அதற்கு அடுத்த வாரம் நூலகத்துக் கதவில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். மாதிரி ரயில் கிளப், புதியவர்கள் வரலாம், தேநீர் உண்டு.

2

கிளப்பின் செயலாளர் டெரெக். ஓய்வுபெற்ற மனிதர். நெட்டையானவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அளவுகோலும் விதிப்புத்தகமும் இருக்கும். நம் ஊரில் சிலர் வெற்றிலைப் பையை எடுக்கிற மாதிரி, பேச்சு எங்கே போனாலும் அவர் அந்தப் புத்தகத்தை எடுப்பார். நான் போன முதல் நாளே, கிளப்பில் உடனே சேர்ந்துவிட முடியாது என்று விளக்கினார். முதலில் தற்காலிக உறுப்பினர். நாலடி நீளமுள்ள ஒரு பலகை கொடுப்பார்கள். அதில் தண்டவாளம் மட்டும் இருக்கும். சுற்றி உள்ள ஊரை நாம் கட்ட வேண்டும். வருடாந்திரக் கண்காட்சியில் எல்லாருடைய பலகைகளையும் வட்டமாகச் சேர்த்து ரயில் விடுவார்கள். நம் பலகையில் ரயில் தடங்கல் இல்லாமல் ஓடினால் முழு உறுப்பினர். ஒரு பலகையில் நின்றால் மொத்த வட்டமும் நின்றுவிடும்.

"நின்றுவிட்டால்?" என்று கேட்டேன்.

"இதுவரை யாருக்கும் நின்றதில்லை," என்றார் டெரெக். பாஸ்போர்ட் ஆபீஸில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

எனக்குப் பக்கத்துப் பலகை பீட்டருடையது. அவர் ஓர் ஆங்கிலேயக் கிராமம் கட்டி வைத்திருந்தார். சர்ச், மதுக்கடை, செம்மறியாடுகள், பாதிரியாரின் சைக்கிள், எல்லாம் இருந்தன. அந்தக் கிராமத்துச் சாலை தண்டவாளத்தின் இடப்பக்கமாக வந்து பலகையின் ஓரத்தில் திடீரென்று நிற்கும். எனக்கு மறுபக்கத்துப் பலகையில் சாலை வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே என் பலகையில் ஒரு பாலம் கட்டி அந்தச் சாலையை ரயிலுக்கு மேலே தாண்ட வைக்க வேண்டும் என்பது உத்தரவு.

"எந்தப் பாலம் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் உலகத்தில் நிஜமாக இருக்கும் ஒரு பாலமாக இருக்க வேண்டும். அளவு சரியாக இருக்க வேண்டும்," என்றார் டெரெக்.

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரயில் பாதைக்கு மேலே, எங்கள் பக்கத்து மேம்பாலம் ஒன்று இருக்கிறது. அதில்தான் நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றேன். கல்யாணத்துக்கு முன்னால் மங்கையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அதன் உச்சியில் வண்டியை நிறுத்தித் தலை வாரிக்கொள்வேன். அப்போது வாருவதற்குத் தலையில் முடியும் இருந்தது. இப்படியாக ஆங்கிலேயப் பாதிரியாரின் சைக்கிள் சாலை நேராக வந்து எங்கள் மேம்பாலத்தில் ஏறுவதாக முடிவாயிற்று.

3

அளவுக்கு ஆள் வேண்டும். மங்கையின் தம்பி செல்வகுமார் சிதம்பரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். போன் செய்து, "மச்சான், மேம்பாலத்தை அளந்து அனுப்பு," என்றேன்.

"எத மாமா, பாலத்தயா? முழுசாவா?"

"தூண் உயரம், சாலை அகலம், கைப்பிடிச் சுவர் உயரம், எல்லாம்."

"இதுக்குத்தான் லண்டன் போனியா மாமா நீ," என்றான். நான் இருப்பது லண்டன் இல்லை. பதினோரு வருடமாகச் சொல்லியும் அவன் நம்பவில்லை.

ஆனாலும் போனான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீள டேப்பும் கூட ஒரு நண்பனுமாகப் போய்த் தூணில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்திருக்கிறான். பாலத்துக்கு அடியில் டீக்கடை வைத்திருக்கும் கலியபெருமாள் கையில் டபராவோடு வெளியே வந்தார்.

"என்னா தம்பி, சர்வேயா?"

செல்வகுமாருக்குப் பொம்மை ரயில் என்று சொல்ல வெட்கம். "லண்டன்லேருந்து கேட்டுருக்காங்க," என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அது பொய்யும் இல்லை.

அன்று மத்தியானத்துக்குள் பாலத்தை அகலப்படுத்த லண்டன் கம்பெனி வருகிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. கடைகள் போகுமாம், போகிற கடைக்கு அடிக்கணக்கில் நஷ்டஈடாம். திங்கட்கிழமை கலியபெருமாள் தன் கடையை முன்பக்கமாக நாலடி இழுத்துக் கீற்று போட்டார். அதைப் பார்த்துப் பஞ்சர் கடைக்காரர் ஆறடி இழுத்தார். இளநீர் விற்கிறவருக்குக் கடையே கிடையாது. அவர் நாலு கழியை நட்டு மேலே ஒரு பழைய பேனரைக் கட்டிவிட்டு உள்ளே கம்பீரமாக உட்கார்ந்துவிட்டார். அந்த வழியாகப் போன செல்வகுமாரை நிறுத்தி எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள். ஒருத்தர் அவனுக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம் வேறு கொடுத்திருக்கிறார்.

"மாமா, நான் அந்தப் பக்கமே போவ முடியல. சார், சாருன்றாங்க. எனக்குப் பயமா இருக்குது," என்று போனில் அழாத குறை.

"உண்மையைச் சொல்லிவிடு மச்சான்."

சொல்லிவிட்டான். பொம்மை ரயிலுக்கு என்றதும் கலியபெருமாள் தன் புதுக் கீற்றை அண்ணாந்து பார்த்தாராம். பிறகு, "பொம்மைக்கா? அடப்பாவிங்களா. கீத்துப் போட்டு வெச்சிருக்கேனே," என்றாராம். அப்புறம் இன்னும் கொஞ்சம் யோசித்து, "சரி வுடு. அப்ப என் கடையயும் அதுல வெக்கச் சொல்லு. போர்டு தெரியணும். ரயிலு வுடறப்ப எனக்குப் போன்ல காட்டணும்," என்றாராம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

4

நிஜத்தில் எழுபத்தாறு அடி இருந்தால் எங்கள் பலகையில் ஓர் அடி. இந்தக் கணக்கில் தூண்களைக் கனமான அட்டையில் வெட்டி, மேலே மணலும் பசையும் பூசிச் சிமெண்ட் நிறம் கொண்டுவந்தேன். கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்பும் அடித்தேன். பாலத்தின் அடியில் கலியபெருமாள் கடையை நாலடி கீற்றோடு சேர்த்தே வைத்தேன். பிரிட்ஜில் கைவைத்துப் பழகிய விரல்களுக்கு இந்த வேலை சுலபமாகவே வந்தது. டெரெக் வாரா வாரம் வந்து அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்," என்பார். அந்த ஒரு 'ம்'முக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்பதை மங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

தகராறு பஸ்ஸில் வந்தது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் போகும் டவுன் பஸ் ஒன்றைப் பாலத்தின் மேல் ஒட்டியிருந்தேன். காலை நேரத்து பஸ். படிக்கட்டில் கல்லூரிப் பையன்கள் தொங்குவதால் இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும். அதை அப்படியே செய்திருந்தேன். டெரெக் குனிந்து பார்த்தார். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துவந்து பஸ் கூரையில் வைத்தார்.

"சேகர், உங்கள் பஸ் சாய்ந்திருக்கிறது."

"அது அப்படித்தான்."

"சக்கரம் சரியாக ஒட்டவில்லை போல."

"சக்கரம் சரி. ஜனங்கள் ஒரு பக்கம்."

டெரெக் அந்த பஸ்ஸை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் போனால் பஸ் நேராக நின்றது. அடியில் ஒரு சின்ன மரச்செதில் வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். யார் என்று கேட்கவில்லை. செதிலை எடுத்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் செதில் திரும்பவும் வந்திருந்தது. ஒரு மாதம் நானும் டெரெக்கும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் அந்த பஸ்ஸைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தோம். கடைசியில் அவர் அந்த வழித்தட பஸ்ஸின் வீடியோ ஒன்றை எங்கேயோ தேடிப் பார்த்திருக்கிறார் போலும். ஒரு வியாழக்கிழமை, "நீங்கள் சொன்னது சரி. இன்னும் கொஞ்சம் சாய்க்கலாம்," என்றார்.

நெல் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டிக் காயவைப்பார்கள் அல்லவா, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்து? பாலத்தின் மேல் வெயில் நன்றாக விழும் என்பதால் அங்கே காயவைக்க அடிபிடி. அது இல்லாமல் என்ன பாலம்? ரவையை மஞ்சள் தூளில் பிரட்டிப் பாலத்தின் பாதி அகலத்துக்குப் பரப்பினேன். கடுகைக் கல்லாக அடுக்கினேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதற்கே போயிற்று. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், டெரெக் கையில் சின்ன வேக்குவம் கிளீனரோடு நிற்கிறார். பாலம் பளிச்சென்று இருக்கிறது.

"சாலையில் ஏதோ கொட்டியிருந்தது. சுத்தம் செய்துவிட்டேன்," என்றார், உதவி செய்த மனிதரின் மலர்ச்சியோடு.

ஆறு ஏக்கர் நெல்லை ஒரே மூச்சில் உறிஞ்சியவரிடம் என்ன சொல்வது? நன்றி என்றேன். எனக்கு அந்த முழு உறுப்பினர் பதவி அவ்வளவு வேண்டியிருந்தது.

5

பாலம் முடிந்தது. வயல் வரவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் வயல் இல்லாமல் அது எங்கள் ஊர் ஆகாது. கிளப்பில் பச்சைத் தூள் பாக்கெட்டுகள் இருந்தன. தூவிப் பார்த்தேன். பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து மங்கையிடம் காட்டினேன்.

"இது என்னங்க, ஆடு மேயிற பச்சையா இருக்குது? நம்ம ஊரு நாத்து இப்பிடியா இருக்கும்?"

எனக்கும் அதுதான் உறுத்தியது. இது பீட்டரின் செம்மறியாடுகளுக்கான பச்சை. வேறு பாக்கெட் இல்லை என்றேன்.

"பாக்கெட்டு எதுக்கு? கொலுவுக்குப் பார்க் வெக்கறப்ப நாங்கல்லாம் பாக்கெட்டா வாங்கனோம்?"

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கேழ்வரகு டப்பாவோடு வந்தாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே தரையில் ஒரு தட்டில் மண் கொட்டி, கேழ்வரகோ கடுகோ விதைத்துத் தண்ணீர் தெளித்துவைப்பார்கள். நாலைந்து நாளில் பச்சைப் பசேல் என்று முளைத்து நிற்கும். நடுவில் கண்ணாடித் துண்டு வைத்தால் குளம், பிளாஸ்டிக் வாத்து வைத்தால் பூங்கா. தெற்கு வீதியில் மங்கை வீட்டுப் பூங்காவைப் பார்க்கப் பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வருவார்களாம். வயல்காட்டில் பிறந்த நான் வயல் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க பாலத்தப் பாருங்க," என்றாள்.

தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் மண்ணைப் பரப்பி, வரப்புக் கட்டி, கேழ்வரகைத் தூவினாள். கண்காட்சி சனிக்கிழமை. சிதம்பரத்துக் கணக்குப்படி திங்கட்கிழமை விதைத்தால் சனிக்கிழமை விரற்கடை உயரம் நிற்கும். டெரெக்கின் அளவுகோலுக்கு நன்கு வளர்ந்த நெல்லாக அது சரியாக இருக்கும்.

பலகையைக் கார் கொட்டகையில் வைத்திருந்தோம். புதன்கிழமை வரை ஒன்றுமே முளைக்கவில்லை. "வெத பழசு போலருக்கு," என்று மங்கை அதன் மேலேயே இன்னொரு மடங்கு தூவினாள். வியாழக்கிழமையும் மண் மண்ணாகவே கிடந்தது. கொட்டகையில் என் மூச்சு புகையாக வந்தது. பிரிட்ஜ் வேலை செய்கிற எனக்கு அப்போதுதான் உறைத்தது: இந்தக் குளிருக்கு எந்த விதை முளைக்கும்? பலகையை உள்ளே தூக்கி வந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். வேட்டியை நனைத்து மேலே மூடினோம். இனியா மாடியிலிருந்து இறங்கி வந்து, ஈர வேட்டி மூடிய ரயில் பாதையையும் எங்களையும் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் என்னாச்சு?" என்று தமிழிலேயே கேட்டாள். அவ்வளவு கோபம்.

கண்காட்சிக்கு வர அவள் ஒரு நிபந்தனை போட்டாள். எங்களைத் தெரியாதவள் போல மண்டபத்தின் அடுத்த பக்கம் நிற்பாள். ஒப்புக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேட்டியை விலக்கினால் அழகு. சுண்டு விரல் நுனி உயரத்துக்கு, பார்க்கிற கண் குளிரும்படி, அப்படி ஒரு பச்சை. வீராணம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலை வரப்பில் நின்று பார்ப்பது மாதிரியே இருந்தது. இரண்டு தடவை விதைத்திருக்கிறோம் என்பது எங்கள் இருவருக்கும் நினைவில் இல்லை.

6

சனிக்கிழமை காலையில் பயிர் ரயில் ஜன்னல் உயரம். மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது டெரெக் குனிந்து, முகர்ந்து, விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது நிஜமா?"

"நிஜம்."

விதிப்புத்தகத்தை எடுத்தார். முன்னும் பின்னும் புரட்டினார். பயிர் வைக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. இப்படி ஒருவன் வருவான் என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, "ம்," என்றார்.

முதல் ரயில் பீட்டரின் சர்ச்சைத் தாண்டி வந்து, எங்கள் பாலத்தின் அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே போனதும் நான் மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதறிவிட்டாள், பொது இடம். மண்டபத்தில் கூட்டம் ஏறியது. வெளியே மழை என்பதால் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டார்கள். ஒவ்வொரு பலகைக்கும் மேலே பெரிய விளக்கு. ஈர மண், நல்ல சூடு, தலைக்கு மேல் வெளிச்சம். முன்பு முளைக்க மறுத்த முதல் விதைப்பும் அதற்கு மேல் போட்ட இரண்டாவது விதைப்பும் சேர்ந்து எழுந்தன. பதினோரு மணிக்குக் கலியபெருமாள் கடையின் போர்டு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கூரையும் போயிற்று. மத்தியானம் பயிர் பாலத்தின் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தது. சாய்ந்த பஸ் மட்டும் மேலே தெரிந்தது.

பன்னிரண்டரை மணி இருக்கும். எட்டுப் பெட்டி கொண்ட ஒரு ரயில், டெரெக்கின் சொந்த ரயில், அவரே இருபது வருடம் பாடுபட்டுச் செய்தது, பீட்டரின் கிராமத்திலிருந்து கம்பீரமாக வந்து எங்கள் பயிருக்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை.

எல்லாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பயிர் லேசாக ஆடியது. பிறகு அதுவும் நின்றது. வட்டம் முழுவதும் ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"என் ரயில் எங்கே?" என்றார் டெரெக்.

முடிந்தது, இனி வியாழக்கிழமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, அடுத்த பக்கம் யாரோ போல நின்ற இனியாவின் போன் அலறியது. செல்வகுமார் வீடியோவில் வந்துவிட்டான். என் போனை நான் எடுக்காததால் அவளுக்கு அடித்திருக்கிறான். பாலத்தடியில் கலியபெருமாள் கடை பெஞ்சில் பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்து பார்க்கிறார்கள். தெரியாதவளாக இருப்பதற்கு இனி வழியில்லை. அவள் போனை நீட்டிப் பிடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"யம்மா, கடை எங்க? என் கடையவே காணுமே!" கலியபெருமாளின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பயிர் மறைக்குது அங்கிள்," என்றாள் இனியா. தமிழில்.

"அத அறுக்கச் சொல்லும்மா! வளந்து நிக்கிற பயிர அறுக்காம என்னா வேடிக்க பாக்குறீங்க?"

டெரெக், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். இனியா சொன்னாள். டெரெக் ஒரு நிமிடம் போனைப் பார்த்தார். திரையில் நிஜப் பாலத்தின் தூண் தெரிந்தது. பக்கத்தில் என் அட்டைத் தூணைப் பார்த்தார். பிறகு மங்கையைப் பார்த்தார்.

மங்கை அதற்குள் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். "கொலுப் பயிர அறுக்க மாட்டோம், ஆத்துலதான் வுடுவோம். சாமி மன்னிச்சுக்கட்டும்," என்று முணுமுணுத்துவிட்டு நுனியை வெட்டப் போனாள். இத்தனை நாளில் முதல் தடவையாக எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. "அடியோட புடிச்சு அறு. நுனியில வெட்டனா நாளைக்கு மறுபடி நிக்கும்," என்றேன். அவள் ஒரு பிடி பிடித்து அடியோடு அறுத்தாள். டெரெக்கின் ரயிலின் கடைசிப் பெட்டி தெரிந்தது. மண்டபம் கைதட்டியது.

அதற்கப்புறம் நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சின்னப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி அறுக்க வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். மங்கை ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து அறுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகப் பேசினாள். பிள்ளைகளுக்கு எல்லாம் புரிந்தது. இனியா அறிவிப்பு மைக்கை எடுத்து, "அறுவடை காரணமாக அடுத்த ரயில் தாமதம்," என்று சொன்னாள். பாதிரியார் ஒருவர், பொம்மை அல்ல, நிஜப் பாதிரியார், இரண்டு தடவை வரிசையில் வந்தார். பீட்டர் அறுத்ததை எடுத்துத் தன் செம்மறியாடுகளுக்கு முன்னால் போட்டார். போனில் கலியபெருமாள், "அந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், தோ, தோ, போர்டு தெரியுது!" என்று கத்தினார். டெரெக் அவரிடம், கடை இன்னும் திறந்திருக்கிறதா என்று இனியாவை விட்டுக் கேட்டார். "தெறந்துதான் இருக்குது. டீ சாப்புட வரச் சொல்லும்மா அந்த நெட்டைய," என்றார் கலியபெருமாள். நெட்டையை மட்டும் இனியா மொழிபெயர்க்கவில்லை.

எல்லாம் சரி. ஆனால் டெரெக்கின் இன்ஜின் சக்கரத்தில் கேழ்வரகுத் தாள் சுற்றிக்கொண்டு, அதை அவர் குனிந்து குறடால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வட்டம் திரும்ப ஓட ஆரம்பித்தபோது கண்காட்சி முடிகிற நேரம் ஆகிவிட்டது. இதுவரை யாருக்கும் நின்றதில்லை என்று அவர் சொன்ன ரயில் எனக்கு நின்றுவிட்டது. பலகையைக் காரில் ஏற்றும்போது, "என் உறுப்பினர் விஷயம்..." என்று இழுத்தேன்.

"கமிட்டி பார்க்கும்," என்றார் டெரெக்.

7

அடுத்த வியாழக்கிழமை நான் கிளப்புக்குப் போகவில்லை. போக முகமில்லை. சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, டிவியைப் பார்க்காமல் டிவி பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கை இரண்டு தடவை வந்து காபி வேண்டுமா என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டால் நான் பரிதாபமாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

ஏழு மணிக்கு வாசலில் கார் நின்றது. மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தால் டெரெக். மழைக்கோட்டும் தொப்பியுமாக நிற்கிறார்.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, நான் வரவில்லையே என்று தேடி ஒருவர் வந்திருக்கிறார். கண்ணாடியைப் பார்த்து இருக்கிற முடியை ஒதுக்கிக்கொண்டேன். சட்டையை மாற்றினேன். ஒரு கையில் ஷூவை எடுத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.

"மாலை வணக்கம், சேகர்," என்றார். பிறகு என் தோளுக்கு மேலே எட்டி உள்ளே பார்த்தார். அந்தப் பெயரை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். எழுத்தெழுத்தாக, மிகவும் கவனமாகக் கேட்டார். "மங்கை இருக்கிறார்களா?"

கமிட்டி கூடியதாம். அடுத்த வருடம் எல்லாப் பலகையிலும் நிஜப் புல்லும் பயிரும் வேண்டுமாம். பீட்டருக்குச் சர்ச் முன்னால் புல்வெளி வேண்டுமாம். அதற்கு மங்கையை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள எல்லாரும் ஒரே குரலில் சம்மதித்தார்களாம். இன்றைக்கே வர முடியுமா என்று கேட்கிறார்.

"என் விஷயம்?" என்றேன்.

"அது கமிட்டியில் இருக்கிறது."

மங்கை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, "என்னவாம்? ரயில் கெட்டுப் போச்சுன்னு திட்ட வந்துருக்காரா?" என்று கிசுகிசுத்தாள்.

மாடிப்படியிலிருந்து இனியா சொன்னாள்: "இல்லம்மா. உன்னத்தான் கேக்குறாரு. உன்னக் கூட்டிட்டுப் போக வந்துருக்காரு." கோபமே இல்லாமல் சொன்னாள்.

"என்னயா?"

இந்த வாசலுக்கு இதுவரை பார்சல்காரர் வந்திருக்கிறார், மீட்டர் பார்க்க ஆள் வந்திருக்கிறது, ஓட்டு கேட்டு வந்திருக்கிறார்கள், தவறான முகவரிக்குப் பீட்சாகூட வந்திருக்கிறது. மங்கை இருக்கிறாளா என்று கேட்டு ஒருவரும் வந்ததில்லை. எனக்கு ஓர் ஆள் வேண்டும், ஓர் ஆள் வேண்டும் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது கதவுக்குப் பின்னால் நின்ற அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதைவிட ஜாஸ்தியாகச் சந்தோஷமாக இருந்தது.

"இருக்கச் சொல்லுங்க, தோ வந்துடறேன்," என்று மாடிக்கு ஓடினாள். இருபது நிமிடம் ஆயிற்று. டெரெக் மழைக்கோட்டைக் கழற்றாமல் சோபா நுனியில் காத்திருந்தார். பசை நாற்றம் அடிக்கிற தகரக் கொட்டகைக்குப் போவதற்கு மங்கை தீபாவளிப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். டெரெக் எழுந்து நின்றார்.

வெளியே போய் முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மங்கை புடவைத் தலைப்பு நனையாமல் தூக்கிப் பிடித்து, முன் சீட்டில் ஏறி, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான், வயலுக்குப் போட்டு மிஞ்சிய மண் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.